மட்ட இலையின் சிவப்பு

உட்கார்ந்து எழுதித் தாருங்கள் என்றார்கள். உட்காருவதுதான் எனக்கு வராத காரியம். வேலை பார்த்த காலம் முழுக்க நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தவள் நான். இதையும் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவே நடந்து நடந்துதான் எழுதுகிறேன். கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்கள், நான் ஓய்வு பெற்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வகப் பிள்ளைகள். புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். ஊசியில் ஒரு சொட்டு ஏற்றினால் மலையும் பள்ளமுமாகக் கோடு போட்டுக் கொடுக்கிறது. ஒரே மூலிகையை நான்கு ஊர்களிலிருந்து வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஊருக்கு ஓர் உயரத்தில் மலை. மெஷின் கெட்டுவிட்டது என்று பழுது பார்க்கிறவருக்குப் போன் போட்டுவிட்டு, போகிற போக்கில் எனக்கும் போட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மெஷினை விடுங்கப்பா, அந்த எலை எந்த மண்ணுல நின்னுச்சுன்னு கேளுங்க" என்றேன். பேச்சோடு பேச்சாக உசிலம்பட்டிக் கதை வந்தது. அதைத்தான் எழுதச் சொல்கிறார்கள்.

நான் மதுரையில் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். அப்பாவுக்குச் சாயத் தொழில். ஒரே டப்பாச் சாயம் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சிவப்பாகவும், பெரியப்பா வீட்டுக் கிணற்றில் வேறு சிவப்பாகவும் ஏறும். இதற்காகவே அண்ணன் தம்பிக்குள் வருஷத்துக்கு நாலு சண்டை நடக்கும். ரசாயனம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தச் சண்டைகளைக் கேட்டுத்தான். பி.எஸ்ஸி. முடித்தேன். எழுபதுகளின் நடுவில், திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடியில் இருந்த கம்பெனியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவினேன். சொல்லிக்கொள்ளும்படி அதில் ஒன்றும் இல்லை, கை வெந்ததைத் தவிர.

ஆய்வகத்துக்குத் தலைவர் சொக்கலிங்கம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவரை மாதிரி என்னைப் பொறுமை இழக்க வைத்த மனிதர் வேறு யாரும் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். நல்லது, மோசம் என்று எதையும் சொல்ல மாட்டார். எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிடுவார். மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வியர்வை தராசில் சொட்டக் கூடாது என்று நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார். மெல்லிய தூரிகையால் தராசுத் தட்டைத் துடைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி, முள் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். நான் அங்கேயும் இங்கேயும் நடந்தால், "சரளா, நீ நடக்கிறது தராசுக்குத் தெரியுது" என்பார். ஒரு சோதனையை முடித்து விடையைக் கொண்டுபோய் நீட்டினால் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை" என்பார். அவ்வளவுதான். இரண்டாவது விடையும் முதல் விடையும் ஒத்துப்போனாலும் சில நாள் மறுபடி, "இன்னொரு தடவை." எத்தனை முறை பல்லைக் கடித்திருப்பேன்!

கம்பெனியின் பெரிய சரக்கு நிலவாகை. மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அந்த இலைதான். இலையாக வெளிநாட்டுக்கும், பொடித்துச் சூரணமாக உள்ளூர்க் கடைகளுக்கும் போகும். வெளிநாட்டுக்குப் போகிற இலைக்கு மட்டும் அதன் வீரியம் எவ்வளவு என்று அளந்து தர வேண்டும். உள்ளூர்ச் சூரணத்துக்கு அதெல்லாம் கிடையாது. ஈரம் பார்ப்போம், எரித்துச் சாம்பல் பார்ப்போம், மண்ணும் குச்சியும் இல்லையென்றால் போகலாம். இலையின் தரத்தைக் களத்திலேயே கண்ணால் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். பெரிதாக, பச்சையாக, மடங்காமல் இருந்தால் முதல் தரம். சின்னதாக, தடித்து, நிறம் மங்கி இருந்தால் மூன்றாம் தரம். அதற்கு மட்ட இலை என்று பெயர். மட்ட இலைக்கு வீரியம் குறைவு என்பது கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து எல்லோரும் நம்பியது. ஆகவே கலவை அறையில் ஒரு வழக்கம் இருந்தது. சூரணத்துக்கு மட்ட இலை போட நேர்ந்தால் ஒரு படி கூடுதலாகப் போடுவார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இலை அதுவரை வைகைப் பாசனத்தில் சோழவந்தான் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. தேவை கூடவே, கொள்முதல் அதிகாரி சண்முகவேல் உசிலம்பட்டிக்குப் போய் விதை கொடுத்து, விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். மானாவாரிக் காடு. மழை பெய்தால் உண்டு. முதலில் ஒத்துக்கொண்டவள் பேச்சியம்மாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகிறவர், நிலம் முழுக்க இவள் பொறுப்பு. பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் பேசி எள்ளுக்குப் பதிலாக நிலவாகை போட வைத்தவள் அவள்தான்.

ஆடியில் முதல் இலை வந்தது. சின்ன இலை, தடித்த இலை, மங்கல் நிறம். களத்தில் மூன்றாம் தரம் என்று ஒதுக்கிச் சூரணத்துக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சூரணம் கடைக்குப் போனதும் புகார் வரத் தொடங்கியது. வயிற்றைப் பிசைகிறது, நிற்கவே இல்லை, எழுந்திருக்க முடியவில்லை. தல்லாகுளத்தில் ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அவர் மகன் கோர்ட்டில் வேலை பார்ப்பவர். மனு எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டார்.

கம்பெனி நடுங்கிப்போனது. புதிதாக என்ன நடந்தது என்று தேடினார்கள். புதிதாக நடந்தது உசிலம்பட்டி இலை ஒன்றுதான். யாரோ நேர்வாளம் என்ற பேச்சை எடுத்தார்கள். நேர்வாளக் கொட்டை கொஞ்சம் உள்ளே போனாலே குடலைப் புரட்டும் விஷம். எடை கூட்டுவதற்காகக் கண்டதையும் கலந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். சண்முகவேல் நேரே உசிலம்பட்டிச் சந்தைக்குப் போய், கூட்டத்தின் நடுவில் நின்று, "பேச்சியம்மா எலையில நேர்வாளம் கலந்துருக்கு. இனி இந்தப் பக்கத்து எலை ஒரு மூட்டை எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. சூரணமும் மிச்சமிருந்த இலையும் ஆய்வகத்துக்கு வந்தன. நேர்வாளத்தைக் கண்டுபிடி என்று சொல்லியிருந்தார்கள். இருக்கிறதா என்று பார் என்று யாரும் சொல்லவில்லை!

நுண்ணோக்கியில் பார்த்தேன். நிலவாகையின் முரட்டு மயிர்கள் தெரிந்தன, இலையின் திசுக்கள் தெரிந்தன. கொட்டையின் துணுக்கு ஒன்றுகூட இல்லை. நேர்வாளம் எண்ணெய் நிறைந்த கொட்டை. அதனால் கரைப்பானில் ஊற வைத்து எண்ணெய் எடுத்துப் பார்த்தேன். இலைக்கு உரிய பச்சைப் பிசுக்கு வந்ததே தவிர எண்ணெய் இல்லை. "இன்னொரு தடவை" என்றார் சார். மறுபடியும் இல்லை. சண்முகவேல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "இல்லேன்னா எப்படிம்மா? ஆளு ஆஸ்பத்திரில கிடந்தாருல்ல?" என்று என்மேல் பாய்ந்தார். எனக்கும் அதே கேள்விதான். சூரணம் ஒரு மனிதரைச் சாய்த்திருக்கிறது, அதில் ஒன்றும் கலக்கவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

சார் நெற்றிக் கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "இல்லாததைத் தேடியாச்சு. இனி இருக்கிறதை அள."

வெளிநாட்டு இலைக்குச் செய்கிற சோதனையை உள்ளூர் மட்ட இலைக்குச் செய்தோம். பொடியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிக்க வேண்டும். குளோரோஃபார்மில் குலுக்கி வேண்டாததை நீக்க வேண்டும். பெர்ரிக் குளோரைடு ஊற்றி வெந்நீர்த் தொட்டியில் வைத்து, அமிலம் சேர்த்து மறுபடி வைக்க வேண்டும். பிறகு ஈதரில் பிரித்தெடுக்க வேண்டும். இந்த ஈதர் இருக்கிறதே, நம் ஊர் வெயிலுக்கே கொதித்துவிடும். புட்டியைத் திறந்தால் பாம்பு மாதிரிச் சீறும். ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருப்போம். அந்தப் பக்கம் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. கடைசியில் ஈதர் ஆவியாகி, அடியில் நிற்கிற மஞ்சள் படிவத்தில் மெக்னீசியம் அசிடேட்டை ஊற்றினால் சிவப்பு ஏறும். இலையில் வீரியம் எவ்வளவோ அவ்வளவு சிவப்பு.

சோழவந்தான் இலை ரோஜா நிறம் காட்டியது. உசிலம்பட்டி மட்ட இலையை ஊற்றினேன். அப்பாவின் சாயப் பட்டறையில் தாம்பூலச் சிவப்பு என்று அடர்ந்த சிவப்பு ஒன்று போடுவார்கள், அந்த நிறம். கருவியில் வைத்துப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சாரிடம் காட்டினேன். என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எல்லாத் தடவையும் அதே சிவப்பு. ஆனாலும் அவர் விடவில்லை. இது பிஞ்சு இலையாக இருக்கலாம், அங்கே வேறு மாதிரி உலர்த்தியிருக்கலாம், நீயே போய்ப் பறித்து வா என்றார். சோழவந்தானுக்கு ஒரு நாள், உசிலம்பட்டிக்கு மறுநாள். இரண்டு இடத்திலும் கம்பெனி கொடுத்த அதே விதை. ஒரே வயது இலையாகப் பார்த்துப் பறித்து, இரண்டையும் எங்கள் ஆய்வக வராந்தா நிழலிலேயே உலர்த்தினோம்.

உசிலம்பட்டியில் பேச்சியம்மாள் என்னைக் காட்டுக்குள் விடவில்லை. வரப்பில் குறுக்கே நின்றாள்.

"எந்தக் கம்பெனி?"

சொன்னேன்.

"நேர்வாளத்தை எந்தச் செடியில தேடப் போற தாயி? இந்தா, அம்புட்டும் நிக்கிது. புடுங்கிப் பாரு."

"நான் தேட வரலைங்க. எலை மட்டும் கொஞ்சம் வேணும்."

"ஏன், முன்ன குடுத்த எலை பத்தலையா? சந்தையில வச்சு வெசம் வச்சவன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. இன்னைக்கு ஏங் கையால ஒரு சொம்பு மோரு குடுத்தா ஒரு சனம் வாங்க மாட்டேங்குது. கொளுந்தன் பொண்டாட்டிகூட பிள்ளைகளை இந்தப் பக்கம் விடுறதில்ல. நாஞ் சொல்லிப் போட்ட காட்டுக்காரவுகளெல்லாம் என்னைய ஏசுறாக. ரெண்டாம் பறிப்பு எலை பூராம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கு. மழை எறங்குச்சுன்னா கறுத்துப் போகும்."

அப்போதுதான் சந்தையில் நடந்தது எனக்குத் தெரிந்தது. அவமானமாக இருந்தது. சண்முகவேலின் மேல் கோபம் வந்தது. அவளே கடைசியில் ஒதுங்கி வழி விட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது மேற்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மடியில் இலைப்பை.

வராந்தாவில் உலர்ந்த இலைகளும் அதையே காட்டின. ஆற்றுத் தண்ணீர் குடித்த இலைக்கு ரோஜா, காய்ந்த காட்டு இலைக்குத் தாம்பூலம். மண்ணா, தண்ணீர் இல்லாத வாட்டமா, வெயிலா, எது எவ்வளவு என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே விதை இரண்டு ஊரில் இரண்டு மருந்தாக வளர்ந்திருந்தது. அது மட்டும் நிச்சயம்.

சார் கலவை அறைக்குப் போய் மேஸ்திரி மாயாண்டி அண்ணனைக் கேட்டார், அந்தச் சூரணத்துக்கு எப்படி இலை போட்டீர்கள் என்று.

"மட்ட எலை தான சார். வழக்கம்போல ஒரு படி கூடத்தான் போட்டேன். ஏன் சார், பத்தலையா?"

மாயாண்டி அண்ணனைப் பலி கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். "வழக்கம் கம்பெனியோடது, அவர் பண்ணினதில்ல" என்று சார் முதலாளியிடம் சொல்லிவிட்டார். சூரணத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். மனு போன அலுவலகத்துக்கு நடந்ததை எழுதிப் பதில் அனுப்பினார்கள். இலையின் தோற்றம் பார்த்துப் போடுவதை விட்டு, வீரியத்தை அளந்து அதற்கேற்ற அளவு வைக்க வேண்டும் என்பது முடிவானது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. "சார், உசிலம்பட்டியில யார் சொல்றது?" என்றேன். சண்முகவேல் அங்கேதான் நின்றார். "ஒரு கார்டு போட்டா போச்சு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டேன், உடைத்துவிடக் கூடாதே என்று. "சந்தையில கூட்டத்துல சொல்லிட்டு வந்ததுக்குக் கார்டா?" என்று கத்தினேன்.

சார் என்னைக் கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் ஃபேனை நிறுத்தினார். "அந்தம்மா எலையைப் பொடிச்சு, நம்ம புதுக் கணக்குப்படி ஒரு ஆளுக்கான அளவு நிறுத்துப் பொட்டலம் போடு. அடுத்த சந்தைக்குப் போவோம். சண்முகவேல், நீங்களும் வாங்க" என்றார்.

ஆய்வகத்தை விட்டு வெளியே போகாத மனிதர். பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு உசிலம்பட்டியில் இறங்கினார். மாட்டு வியாபாரிகளும் காய்கறிக்காரர்களும் நின்ற இடத்தில், தன் வழக்கமான மெல்லிய குரலில், இலையில் ஒன்றும் கலக்கவில்லை, இந்த மண்ணில் விளைகிற இலைக்கு வீரியம் அதிகம், அளவு தெரியாமல் கூடுதலாகப் போட்டது எங்கள் தப்பு என்றார். முன்னால் நின்ற பத்துப் பேருக்குக்கூடக் கேட்டிருக்காது. பேச்சியம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கய்யா!"

யாரோ சிரித்தார்கள். ஒருவர், "பேச்சு யாரும் பேசலாம். குடிச்சுக் காட்டச் சொல்லு" என்றார். அதற்குத்தான் சார் பொட்டலத்தோடு வந்திருந்தார். எடுத்து நீட்டினார். "கஷாயம் போட்டுக் குடும்மா, நான் குடிக்கிறேன்."

பேச்சியம்மாள் டீக்கடை அடுப்பில் அவளே போட்டாள். ஆற்றிக்கொண்டு வந்தவள் சாரைத் தாண்டிப்போய்ச் சண்முகவேல் முன்னால் நீட்டினாள்.

"நீங்க ஏன்யா குடிக்கணும்? சொன்ன வாயி குடிக்கட்டும்."

சண்முகவேல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். "சரியா நிறுத்தியாம்மா?" என்று முணுமுணுத்தார். சந்தையே காத்துக்கொண்டு நின்றது. நான் தலையை ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இது குடித்தவுடன் வேலை செய்கிற மருந்து அல்ல, மறுநாள் காலைக்குத்தான் தெரியும். திரும்புகிற பஸ்ஸில் கணக்கை மனதுக்குள் போட்டுக்கொண்டே வந்தேன். தராசு முள் சரியாக நின்றதா? நான் நடந்துகொண்டிருந்தேனா? அளவு கூடி அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போனால், பேச்சியம்மாளுக்கு அந்த ஊரில் அப்புறம் வாழ்வே இல்லை. இந்த முறை ஊரே பார்க்க அவள் கையாலேயே கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். வேலை நேரம் தொடங்கியும் சண்முகவேலைக் காணவில்லை. "சரளா, தராசு" என்றார் சார். அவரும் காலையிலிருந்து அதே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சண்முகவேல் வந்து ஆய்வக வாசலில் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தனை தடவை?" என்றார் சார்.

"ஒண்ணு."

"வயித்து வலி?"

"இல்ல." ஸ்கூட்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "லாரி எப்ப அனுப்பணும்?"

"மழைக்கு முன்னாடி."

லாரியில் அவரே போனார். சாயங்காலம் மூட்டைகள் வந்து இறங்கும்போது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர்களின் மூட்டைகளும் அதில் இருந்தன. பேச்சியம்மாளும் கூடவே வந்திருந்தாள், கையில் ஒரு தூக்குவாளியும் டம்ளருமாக. "மோரு. புளிச்சிருக்காது" என்று மட்டும் சொன்னாள். டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டியவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வகத்துக்குள் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது சாருடைய சட்டம். தண்ணீர்கூட அவர் குடித்து நான் பார்த்ததில்லை. அவர் தராசின் கதவைச் சாத்தினார். நெற்றிக் கைக்குட்டையை அவிழ்த்தார். வராந்தாவுக்கு வந்து, தூறலில் நனைந்தபடி நின்ற சுமையாட்கள், காட்டுக்காரர்கள், சண்முகவேல் எல்லோரும் பார்க்க, டம்ளரை வாங்கி நின்றபடியே குடித்தார்.

குடித்து முடித்துவிட்டு, டம்ளரை அவளிடமே திரும்ப நீட்டினார்.

"இன்னொரு தடவை" என்றார்.